முன்னே நடந்தவர்

பாஸ்கா காலம் 4ஆம் ஞாயிறு (நல்லாயன் ஞாயிறு), முதல் ஆண்டு



கென்டக்கி மாநிலத்து மேமத் குகைக்கு நம்மில் பலர் போய் வந்திருக்கிறோம். நாலு நாள் விடுமுறை கிடைத்தால் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிற இடங்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. சென்ற மாதம் நம் தமிழ்த் திருப்பலிக்கு வரும் இளையோரோடு நானும் போனேன். உலகத்தில் இதுவரை அளந்த குகைகளில் அதுதான் மிக நீளமானது. 680 கிலோமீட்டருக்கும் மேல் அளந்திருக்கிறார்கள், இன்னும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். நாம் பார்த்தது அதில் மூன்று, நான்கு கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

குகைக்குள் விளக்கை அணைத்துக் காட்டுவார்கள் அல்லவா? வழிகாட்டி எல்லாரையும் ஓரிடத்தில் உட்காரவைத்து, "கைப்பேசியை உள்ளே வையுங்கள்" என்று சொல்லிவிட்டு மின்விளக்கை நிறுத்துவார். கண்ணுக்கு முன்னால் நம் கையே தெரியாது. பிறகு ஒரு சிறு சுடர் ஏற்றப்படும். குகைக்குப் போய்வந்த சாமியார் எவரும் அடுத்த ஞாயிறு அந்தச் சுடரை வைத்துத்தான் பிரசங்கம் செய்வார். பாஸ்கா திருவிழிப்பன்று நாம் எல்லாரும் மெழுகுதிரி பிடித்து நின்றாயிற்று. அதனால் சுடரை இன்று விட்டுவிடுகிறேன். எனக்கு அங்கே வேறொன்று உறுத்தியது.

முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன், போகாதவர்களும் இருக்கிறீர்கள். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் இருந்தது. சிப்பியும் கடல் உயிர்களின் ஓடும் அடியில் படிந்து படிந்து சுண்ணாம்புப் பாறையாயின. அதன் மேல் மணற்பாறை ஒரு மூடியாக அமர்ந்தது. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, லேசான புளிப்பேறி, மூடியில் வெடிப்பு கிடைத்த இடத்தில் உள்ளே இறங்கியது. சுண்ணாம்பைக் கரைத்து வழி செய்தது. பக்கத்தில் ஓடும் கிரீன் ஆறு தன் படுகையை ஆழப்படுத்த, குகைக்குள் ஓடிய நீரும் ஒவ்வொரு தளமாகக் கீழே போனது. நாம் நடக்கும் அகலமான மண்டபங்களெல்லாம் அது விட்டுப்போன பழைய தடங்கள். மேலே மூடி கெட்டியாக இருப்பதால் பல இடங்களில் சொட்டு நீர்கூட இல்லை. ஆகவே விழுதுபோலத் தொங்கும் சுண்ணாம்புத் தூண்களை அங்கே எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்தார்கள். அவை இருக்கும் பகுதிக்கு வேறு சீட்டு வாங்க வேண்டும். வருடம் முழுக்க ஏறக்குறைய 12 டிகிரி. வெயிலில் நின்று வரிசையில் நகரும்போதே வாயிலிலிருந்து வரும் குளிர் காலில் படும்.

உள்ளே இறங்குமுன் வழிகாட்டி விதிமுறைகளைச் சொன்னார். சுவரைத் தொடாதீர்கள். கூட்டத்தை விட்டு விலகாதீர்கள். நான் முன்னால் போகிறேன், இன்னொருவர் கடைசியில் வருவார், அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. இன்றைய பதிலுரைப்பாடலை, அந்த 23ஆம் திருப்பாடலை, இதை நினைத்துக்கொண்டு மறுபடி படித்துப் பாருங்கள். ஆயன் முன்னால் நடத்திச் செல்கிறார். பாடல் முடியும் இடத்திலோ அருளும் நலமும் பின்னால் தொடர்ந்து வருகின்றன. தாவீது அரசரும் தலையெண்ணி மந்தையை நடத்தியவர்தானே, சிறு வயதில்.

அந்தக் குகைக்குள் முன்னால் நடந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அவர் பெயர் ஸ்டீபன் பிஷப். கறுப்பினத்தவர், அடிமை.

1838இல் பிராங்க்ளின் கோரின் என்ற வழக்கறிஞர் மேமத் குகையை வாங்கினார். அவருடைய அடிமையாக இருந்த ஸ்டீபனை அங்கே வழிகாட்டியாக்கினார். ஸ்டீபனுக்கு அப்போது வயது பதினேழு போல. பழைய வழிகாட்டிகள் காட்டிய தடங்களைக் கற்றுக்கொண்டார். பிறகு அவர்கள் போகாத இடங்களுக்கும் போனார். நூறடிக்கு மேல் ஆழமுள்ள ஒரு பள்ளம் வழியை மறித்துக் கிடந்தது. அடியே கிடையாது என்று அதற்குப் பெயர் வைத்து, எல்லாரும் அந்த விளிம்போடு திரும்பிவிடுவார்கள். ஸ்டீபன் ஒரு பயணியோடு சேர்ந்து, பள்ளத்தின் குறுக்கே ஏணியைக் கிடத்தி, அதன்மேல் ஊர்ந்து அக்கரை போனார். அந்தப் பக்கம் குகை தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தது. அங்கே ஆறுகள் ஓடின. அந்த ஆற்றில் கண்ணே இல்லாத வெளிர்ந்த மீன்கள் இருந்தன. அதன்பிறகுதான் ஐரோப்பாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

மறு ஆண்டே குகை கைமாறியது. ஜான் குரோகன் என்ற லூயிவில் மருத்துவர் வாங்கினார். பத்திரத்தில் குகை, விடுதி, நிலம்; அவற்றோடு ஸ்டீபனும். 1842இல் மருத்துவர் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் குகையின் படத்தை வரையச் சொன்னார். பள்ளிக்கூடம் போகாதவர் ஸ்டீபன். எழுத்தைத் தானாகவே கற்றுக்கொண்டவர். குகையிலிருந்து அத்தனை தொலைவில் உட்கார்ந்து, தன் கால்கள் நடந்ததையும் முழங்கால்கள் தவழ்ந்ததையும் நினைவிலிருந்தே வரைந்தார். அந்தப் படம் அவர் பெயரோடேயே அச்சாயிற்று. ஓர் அடிமையின் பெயர் அந்தக் காலத்தில் ஒரு நிலப்படத்தில் அச்சாவது அபூர்வம். பல பத்தாண்டுகள் அதை வைத்துத்தான் ஆட்கள் அங்கே நடந்தார்கள்.

இப்போது அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பன்றிக்கொழுப்பு ஊற்றிய விளக்கை ஏந்தி ஓர் அடிமை முன்னால் போகிறார். அவருக்குப் பின்னால் நீதிபதிகள், பேராசிரியர்கள், தோட்ட முதலாளிகள், அவர்களின் மனைவிமார். அந்த முதலாளிகளில் சிலருக்குச் சொந்தத்திலேயே நூறு அடிமைகள் இருந்திருக்கலாம். "குனியுங்கள்" என்றால் குனிகிறார்கள். "இங்கே நில்லுங்கள்" என்றால் நிற்கிறார்கள். "இந்தக் கல்லில் கால் வைக்காதீர்கள்" என்றால் எடுத்த காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். வெளியே அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். உள்ளே அவர் குரல் நின்றால் இவர்கள் உயிர் நின்றுவிடும், அது இவர்களுக்கு நன்றாகத் தெரியும். மணிக்கணக்கில் அவர் சொன்னதைக் கேட்டு நடந்து, வாயிலுக்கு வந்து, வெயில் முகத்தில் பட்டதும் கையில் ஏதோ காசு வைத்துவிட்டு விடுதியில் சாப்பிடப் போனார்கள். ஸ்டீபன் மறுபடி பத்திரத்தில் எழுதிய சொத்தானார்.

ஆடுகள் ஆயனின் குரலைக் கேட்கின்றன என்று இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் சொல்கிறார். கேட்டதால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது. இவர்களும் கேட்டார்கள். ஒரு சொல் தவறாமல் கேட்டார்கள்.

குகைக்குள்ளே இன்றும் கூரையில்லாத இரண்டு கல்வீடுகள் நிற்கின்றன, பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். காசநோய்க்கு மருந்தில்லாத காலம். குகையின் மாறாத குளிரும் உலர்ந்த காற்றும் நுரையீரலை ஆற்றும் என்று குரோகன் நம்பினார். 1842ஆம் ஆண்டு குளிர்காலத்தில் நோயாளிகள் பதினைந்து பேர் போல உள்ளே குடியேறினார்கள். சூரியனே இல்லாமல் மாதக்கணக்கில் இருந்தார்கள். பசுமை இருக்கட்டும் என்று செடி கொண்டுவந்து நட்டார்கள், அது பட்டுப்போனது. விளக்குப் புகையும் அடுப்புப் புகையும் போக வழியில்லை. இருமல் கூடியது. சிலர் அங்கேயே இறந்தார்கள். உடலை வெளியே கொண்டுபோகும்வரை ஒரு பாறைமேல் கிடத்தினார்கள். அந்தப் பாறையை இன்றும் பிணப்பாறை என்றே சொல்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே சுற்றுலாவும் நடந்துகொண்டிருந்தது. வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், நெருப்பு மூட்டியவர்கள், நடக்க முடியாதவர்களைத் தாங்கியவர்கள் அடிமைகள். குரோகனை நான் கொடியவராகச் சித்திரிக்க மாட்டேன். அவருக்கும் அதே நோய். 1849இல் அதிலேயே இறந்தார். இன்னோர் உயிர் மூச்சுவிடச் சிரமப்படுவதைப் பார்த்து மனம் இளகிய மனிதர்தான் அவர். ஆனாலும் தன் அடிமைகளுக்கு விடுதலை தர எழுதியபோது, தான் இறந்து ஏழு வருடம் கழித்து என்று எழுதிவைத்தார்.

அந்த ஏழு வருடமும் ஸ்டீபன் குகைக்குள் விளக்கைத் தூக்கினார். 1856இல் விடுதலை. மனைவி சார்லட்டோடும் மகனோடும் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் ஆசை, பயணிகளிடமே சொல்லியிருக்கிறார். மறு வருடம் இறந்துபோனார், நாற்பது வயதுகூட ஆகவில்லை. குகை வாயிலுக்கு அருகில் காட்டுக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல் வைக்கவே இருபது வருடத்துக்கு மேலாயிற்று. வைத்த கல்லிலும் இறந்த வருடம் 1859 என்று தவறாக வெட்டியிருக்கிறார்கள்.

சகோதரர்களே, இதைக் கேட்டு அமெரிக்காவின் வெள்ளைக்காரர்கள் செய்த பாவம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஸ்டீபன் குகைக்குள் இறங்கிய அதே 1838இல் மேரிலாந்து இயேசு சபைக் குருக்கள் தங்கள் தோட்டங்களில் வைத்திருந்த 272 அடிமைகளை லூயிசியானாவுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். ஜார்ஜ்டவுனில் அவர்கள் நடத்திய கல்லூரியின் கடனில் ஒரு பகுதி அந்தப் பணத்தில் அடைந்தது. விற்கப்பட்டவர்கள் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். அவர்களுக்கு நற்கருணை கொடுத்த கைகளே கையெழுத்தும் போட்டன. அடுத்த ஆண்டு திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து மடல் எழுதினார். அது வந்து சேருமுன்னே கப்பல்கள் போய்விட்டன. 2017இல் இயேசு சபை, விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கேட்டது. நான் உங்கள் குரு என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று. இன்றைய இரண்டாம் வாசகம் பேதுருவின் முதல் திருமுகம், இரண்டாம் அதிகாரம். நமக்கு வாசிக்கப்பட்டது 20ஆம் வசனத்தின் பிற்பாதியிலிருந்து. வீட்டுக்குப் போய் 18ஆம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். இந்த வார்த்தைகள் யாருக்கு எழுதப்பட்டவை என்று அங்கேதான் இருக்கிறது: வீட்டு அடிமைகளுக்கு. கொடுமைக்கார எசமானுக்கும் பணிந்திருங்கள் என்று அந்தப் பகுதி தொடங்குகிறது. அமெரிக்கத் தோட்டங்களில் பிரசங்கிகள் அடிமைகளைக் கூட்டிவைத்து அந்தத் தொடக்கத்தைத்தான் ஓதினார்கள். நாம் அதைக் கேட்கவே கூசி, தொடக்கத்தை விட்டுவிட்டுக் கிறிஸ்துவின் காயங்களிலிருந்து வாசிக்கிறோம். அவர்கள் தங்களுக்கு வேண்டியதை வெட்டி எடுத்தார்கள், நாமும் நமக்குச் சங்கடமானதை வெட்டுகிறோம். சேர்த்துப் படித்தால் என்ன தெரிகிறது? அநியாயமாக அடிபடுகிற அடிமையைப் பார்த்துப் பேதுரு சொல்கிறார்: கிறிஸ்துவும் இப்படித்தான் அடிபட்டார், அவருடைய அடிச்சுவடு நீ நிற்கும் இடத்தின் வழியாகத்தான் போகிறது. பாடுபடும் ஆண்டவர் அந்தப் பகுதி முழுவதும் அடிமையின் பக்கத்திலேயே நிற்கிறார். சாட்டை வைத்திருப்பவன் நிற்பதற்கு அதில் ஓரடி இடமும் இல்லை. தோட்ட முதலாளி இதைப் பன்னிரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பான். தான் அதில் எங்கே இருக்கிறோம் என்று மட்டும் தேடியிருக்க மாட்டான்.

நற்செய்திக்கு வருகிறேன். ஆயன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்பது நம் எல்லார் மனத்திலும் இருக்கிறது. படம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறோம். அதற்கு அடுத்து வருவதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர் அவற்றை வெளியே கூட்டிச் செல்கிறார். கொட்டிலுக்குள் குரலைக் கேட்பது பெரிய காரியமில்லை. இருட்டில், நெருக்கடியில், வேறு வழி இல்லாதபோது எவரும் கேட்பார்கள். ஆயன் முன்னால் நடந்து வெளியே வந்த பிறகு, நாலா பக்கமும் வழி திறந்திருக்கும்போது, அவர் பின்னால் போகிறோமா என்பதுதான் யோவான் கேட்பது. குகைவாசலில் வெயிலைக் கண்டதும் அந்தக் கனவான்கள் வேறு பக்கம் திரும்பினார்களே, அங்கேதான் அவர்கள் தோற்றார்கள். உள்ளே ஒருவரும் தவறவில்லை.

நம் கதைக்கு வருவோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்மில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுப் பங்குகளில் வளர்ந்தவர்கள். ஊரில் கோவிலுக்கு மணியடித்தவர், திருவிழாவுக்குத் தப்படித்தவர், தாத்தா பாட்டிக்குக் குழி தோண்டியவர், இவர்களை நினைவில் கொண்டுவாருங்கள். சாவு விழுந்த வீட்டில் அன்று ஒரு நாள் குழி தோண்டியவர் சொன்னபடிதான் ஊரே நடந்திருக்கும். பெட்டியை இப்படி இறக்கு, கயிற்றை அப்படி விடு, மண்ணைப் போடு என்று அவர் சொல்ல, நாட்டாமையும் கைகட்டிக் கேட்டிருப்பார். மறுநாள்? ஒரே நற்கருணையை வாங்கியவர்களின் எலும்புகள் கலந்துவிடக் கூடாதென்று கல்லறைக்கு நடுவே சுவர் எழுப்பிய சபை நம் சபை. சில இடங்களில் அந்தச் சுவர் இடிந்தது. சில இடங்களில் இல்லை. கடல் கடந்து வந்த பிறகும் கல்யாணப் பேச்சில் "நம்மாளுங்கதானே, சாமி?" என்று என்னிடமே மெல்லக் கேட்டவர்கள் உண்டு. யார் என்று சொல்ல மாட்டேன். இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேமத் குகையில் ஸ்டீபன் ஒருவர் மட்டும் இல்லை. மாட், நிக் என்று இருவர், பிரான்ஸ்ஃபோர்ட் என்ற முதலாளியிடமிருந்து வருடத்துக்கு நூறு டாலர் வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். வாடகைப் பணம் முதலாளிக்கு. அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் அந்தக் குடும்பத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வழிகாட்டினார்கள். 1941இல் அந்த இடம் தேசியப் பூங்காவானது. குகைக்குள் நூறு வருடம் வழிகாட்டியவர்களின் வீட்டிலிருந்து அரசாங்கம் ஒருவரையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. தோல் நிறம் காரணம். அறுபது வருடத்துக்கும் மேல் அந்தக் குடும்பத்தின் குரல் குகைக்குள் கேட்கவில்லை. 2004இல்தான் மாட்டின் கொள்ளுப்பேரன் தலைமுறையையும் தாண்டிய ஒருவர் வழிகாட்டியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்ப வந்து, தன் முன்னோரின் கதையை அதே இடத்தில் நின்று சொன்னார். திரும்ப அழைக்கிறவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அங்கே ஒரு மண்டபத்தின் கூரை முழுக்கப் பெயர்கள். காசு கொடுத்தால் வழிகாட்டி மெழுகுதிரியை ஒரு கம்பில் கட்டி, அதன் புகையால் பயணியின் பெயரைப் பாறையில் எழுத விடுவார். இன்றைக்குச் செய்தால் வழக்கு. அந்த நூற்றுக்கணக்கான பெயர்களில் பெரும்பாலானவர்கள் யாரென்றே யாருக்கும் தெரியாது. ஸ்டீபனும் குகையின் பல மூலைகளில் தன் பெயரைப் புகையால் எழுதி வைத்திருக்கிறார். பயணிகள் எழுதச் சொல்லி எழுதக் கற்றுக்கொண்டவர், ஆளில்லாத இடத்தில் தனக்காக எழுதிக்கொண்டார். ஆண்டவர் பெயர் சொல்லி அழைக்கிறார் என்றால், இந்தப் பெயரையும் அழைத்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

வெளியே வரும்போது சோப்பு நீரில் நனைத்த விரிப்பின்மேல் எல்லாரையும் நடக்கவைக்கிறார்கள். வௌவால்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நம் செருப்பில் ஒட்டி வேறு குகைக்குப் போய்விடக் கூடாதாம். இளையோரில் ஒருவன், "சாமி, உள்ளே போகும்போது தீர்த்தம், வெளியே வரும்போது இதா?" என்றான். சிரித்தோம்.

இன்றைய விசுவாசிகள் மன்றாட்டில் இறந்தோருக்கான வேண்டுதலில் ஸ்டீபன், சார்லட், மாட், நிக் என்ற நான்கு பெயர்களைச் சேர்த்திருக்கிறேன். அதன்பின் வாசகர் சற்று நேரம் நிறுத்துவார். உங்கள் ஊரில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் குழி வெட்டியவரின் பெயர் தெரிந்தவர்கள் அதைச் சத்தமாகவே சொல்லலாம். தெரியாதவர்கள் இன்று இரவு ஊருக்குப் போன் போடும்போது அம்மாவிடம் கேளுங்கள். அடுத்த ஞாயிறும் அதே மன்றாட்டு இருக்கும்.

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.